கைக்கு அடங்கிய படகு

பென்ஷன் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மனிதர்களில் பல ரகம் உண்டு. காசிக்குப் போய்க் கங்கையில் முழுகி எழுந்தால்தான் முப்பத்தைந்து வருஷத்து ஆபீஸ் தூசி போகும் என்று நம்புகிறவர்கள் ஒரு ரகம். ஊருக்கு வெளியே அரை கிரவுண்டு மனை வாங்கி, அதில் வாழையும் முருங்கையும் வைத்து, அவற்றை மேய வரும் ஆடு மாடுகளோடு மீதி ஆயுள் முழுவதும் யுத்தம் செய்கிறவர்கள் இன்னொரு ரகம். பேரன் பேத்திகளுக்குச் சம்பளமில்லாத டியூஷன் வாத்தியாராக அமர்ந்துவிடுகிறவர்கள் மூன்றாவது ரகம். இந்த மூன்றிலும் சேராமல், "சின்னதாக ஒரு மோட்டார்ப் படகு வாங்கலாம் என்று பார்க்கிறேன்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மனைவியின் காதில் விழுந்துவிட்டதோ என்று சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்கள் அபூர்வம். அபூர்வமானாலும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

அவர்களைக் கண்டு சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வாசலில் சமுத்திரத்தை வைத்துக்கொண்டு, அதைச் சுண்டல் தின்பதற்கு மட்டும் உபயோகிக்கும் நகரத்தில், ஒருவருக்காவது அதன் மேல் மிதக்க வேண்டும் என்று தோன்றுகிறதே என்று சந்தோஷந்தான் படுகிறேன்.

இப்படி ஆசைப்படுகிற எல்லோரும் ஒரே நிபந்தனையைத்தான் சொல்கிறார்கள்: "பெரிசாக வேண்டாம், கைக்கு அடங்கினதாக இருந்தால் போதும்." நல்ல நிபந்தனைதான். ஆனால் ஒரு படகு கைக்கு அடங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? எத்தனை அடி நீளம், எத்தனை குதிரைச் சக்தி என்பதைக் கடைக்காரரின் விலைப் பட்டியல் சொல்லிவிடும். அந்தப் பட்டியலில் இல்லாத பதில் ஒன்று இருக்கிறது. ராயபுரத்தில் ஆரம்பித்து, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரையில் வடக்கே ஓடும் கடற்கரையின் சரித்திரத்தில் அது எழுதி வைத்திருக்கிறது.

ஓய்வு என்ற விஷயத்துக்கும் இந்தக் கரைக்கும் பழைய சம்பந்தம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வியாபாரம் செய்து கோடீசுவரராக இருந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு புறப்பட்டார் பட்டினத்தார் என்பது கதை. அவர் கடைசியாக வந்து சேர்ந்த இடம் திருவொற்றியூர்க் கடற்கரை. அவருடைய சமாதி இன்றைக்கும் அங்கே இருக்கிறது. கப்பல் வைத்திருந்தவர் ஓய்வுக்கு ஓர் ஓடம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அத்தனை வைராக்கியம் நமக்கு ஏது? நாம் படகுக்கே வருவோம்.

சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று வருவதற்கு முந்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் ஆழக் கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, மலை போல் எழுந்து விழும் அலை வரிசைகள். இங்கிலாந்திலிருந்து ஐந்தாறு மாதம் பிரயாணம் செய்து பத்திரமாக வந்து சேர்ந்த துரைகள், கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற கரைக்கு வருவதற்குள் குலை நடுங்கிப் போனார்கள். கப்பலில் இருந்த உறுதியான படகுகளால் அந்த அலையைச் சமாளிக்க முடியவில்லை. மணலில் ஒரு முறை மோதினால் ஆணி பிடுங்கிக்கொண்டு பலகை பலகையாகப் போய்விடும்.

அந்த அலைக்கு ஏற்ற படகை நம் கடற்கரைக்காரர்கள் எப்போதோ செய்து வைத்திருந்தார்கள். அதுதான் மசூலாப் படகு. அதில் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைச் சேர்த்துத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே எலும்புக் கூடு போல விறைப்பான சட்டமும் கிடையாது. அலை தூக்கி மணலில் அறைந்தால், படகு வளைந்து கொடுக்கும், உடையாது. ஒன்றே ஒன்று, அது கைக்கு அடங்காத படகு. துடுப்புப் போட ஒரு கூட்டமே வேண்டும். அலையின் போக்கைப் பார்த்துச் சுக்கான் துடுப்பைப் பிடிக்க ஒரு தலைவன் வேண்டும். தண்ணீரை இறைத்துக் கொட்டத் தனியாக ஆள் வேண்டும்.

கைக்கு அடங்கியது, கட்டுமரந்தான். அதை ஒரு படகு என்று ஒப்புக்கொள்ளவே வெள்ளைக்காரர்களுக்கு நெடுநாள் பிடித்தது. மிதக்கும் கட்டைகள் நாலைந்தைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. அதன்மேல் மனிதன் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான். இடுப்புவரை தண்ணீர் வந்து வந்து போகிறது. இதற்குப் பெயர் படகா? ஆனால் கரையில் அலை முற்றி மசூலாவும் இறங்க முடியாத நாட்களில், கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனது இந்தக் கட்டுமரமே. கூம்பு வடிவத் தொப்பிக்குள் காகிதங்களை நனையாமல் வைத்துக் கட்டிக்கொண்டு, கட்டுமரக்காரன் அலைக்குள் பாய்வான். அலை அவனைப் புரட்டித் தள்ளினால், நீந்தி வந்து மறுபடியும் ஏறிக்கொள்வான். கவிழ்ந்தாலும் மூழ்காத கலம் அது. மூழ்குவதற்கு அதில் உட்பக்கம் என்று ஒன்று இருந்தால் அல்லவா?

கட்டுமரத்தின் உண்மையான சாமர்த்தியம் கடலில் தெரிவதைவிடக் கரையில்தான் அதிகம் தெரியும். திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டால் அது படகு அல்ல, நாலைந்து கட்டைகள். ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அலை எட்டாத மணலில் காயப் போடலாம். நனைந்த கட்டை கனக்கும், உலர்ந்தால் லேசாகும். மறுநாள் விடியுமுன் மறுபடியும் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தகப்பனும் அவனுடைய மகனும், வேறு யார் தயவும் இல்லாமல், கடலுக்குப் போய்த் திரும்பலாம். கைக்கு அடங்கிய படகு என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை: கடலுக்குள் கொண்டு போக முடிகிற படகு அல்ல, திரும்பக் கரையில் ஏற்றி வைக்க முடிகிற படகு.

இந்த இலக்கணத்தைத் துரைமார்களும் தங்கள் வழியில் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு அலையைத் தாண்டிப் போய் மீன் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. உல்லாசத்துக்குப் படகு வேண்டும். அதற்கு அலையில்லாத தண்ணீர் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? எண்ணூரில் கிடைத்தது. கொசஸ்தலை ஆறு கடலோடு சேருமுன் அங்கே அகலமான கழிமுகமாக விரிந்து நிற்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், நடுவே மணல் திட்டு, மேலே இதமான காற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வெள்ளைக்காரர்களுக்கு எண்ணூர் ஒரு குட்டி உல்லாசபுரியாக இருந்தது. சனிக்கிழமை போய்ப் படகு விட்டு, மீன் பிடித்து, திங்கட்கிழமை கச்சேரிக்குத் திரும்பினார்கள்.

அங்கே போவதற்கு ஒரு நீர் வழியும் ஏற்பட்டது. பாஸில் கோக்ரேன் என்பவர் கப்பற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்து சென்னையில் பெரும் பணம் சேர்த்தவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தூரம் கால்வாய் வெட்டி, போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையையும் பெற்றுக்கொண்டார். 1806-ல் தயாரான அந்தக் கோக்ரேன் கால்வாய்தான், பின்னால் வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பிறகு, கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்டது. விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஏற்றிய படகுகளை, கரையோரம் நடந்து ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள்.

கோக்ரேன் எப்படி ஓய்வை அனுபவித்தார் என்று கேட்கத் தோன்றும். அவர் லண்டனுக்குத் திரும்பினார். தமது சப்ளைக் கணக்குகள் பற்றி அரசாங்கத்தோடு வருஷக் கணக்கில் வழக்காடினார். மிச்சப் பொழுதில் போர்ட்மன் சதுக்கத்து மாளிகையில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்று நடத்தினார். அங்கே வேலை பார்த்தவர் பாட்னாவைச் சேர்ந்த தீன் முகம்மது. 'ஷாம்பூ' என்ற வார்த்தையை இங்கிலாந்து முழுவதும் பிரபலமாக்கிய மனிதர் அவர்தான். சென்னைக்கு நீர் வழி வெட்டினவர் கடைசியில் நீராவியில் போய் முடிந்தார். படகு விட அவருக்கு நேரமே இருந்ததாகத் தெரியவில்லை.

சென்னையின் அலைக்கு மனிதன் அணை போட ஆரம்பித்தது 1870-களில். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் வைத்தார். கரையிலிருந்து இரண்டு கைகளை நீட்டிக் கடலை அணைத்துக்கொள்வது போல அலைத் தடுப்புச் சுவர்களைக் கட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சுக்கல் சுக்கலாக்கியது. மறுபடியும் கட்டினார்கள். புயலுக்குப் பிறகு வேறொரு சத்துரு வந்தது: மணல். நம்முடைய கடற்கரை ஓரமாக மணல் சும்மா கிடப்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாமல் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பிரயாணியின் வழியில் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றது. மணல் தெற்கே தங்கித் தங்கிச் சேர்ந்து கரையை அகலப்படுத்தியது. சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து துறைமுக வாசலையும் அடைக்கப் பார்த்தது.

இந்தச் சமயத்தில்தான், 1904-ல், பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்ற எஞ்சினீயர் சென்னைத் துறைமுகத்துக்குத் தலைவராக வந்தார். நமது கட்டுரையின் கதாநாயகர் என்று அவரைச் சொல்லலாம். 1849-ல் பிறந்தவர், ஆகவே அப்போது வயது ஐம்பத்தைந்து. மற்றவர்கள் பென்ஷனுக்குக் கணக்குப் போடும் வயது. ஆறுகளைக் கரை கட்டி அடக்குவது எப்படி என்று பிரசித்தமான ஒரு புத்தகம் எழுதியிருந்த அவர், சமுத்திரத்தை அடக்க வந்தார். கிழக்கு வாசலை மூடினார்; மணல் எளிதில் எட்டாதபடி வடகிழக்கில் புதிய வாசல் திறந்தார். சென்னைத் துறைமுகத்தை ஒட்டி மணல் எப்படி நகர்கிறது என்று வருஷக் கணக்கில் அளந்து பார்த்து, அதைப் பற்றி லண்டன் எஞ்சினீயர்கள் சங்கத்துக்கு ஒரு பிரபலமான கட்டுரையும் எழுதினார். 1912 மார்ச்சு மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் அவருடைய ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஓர் இளைஞன், கணக்கு நோட்டில் எழுதி வந்தவை வெறும் கணக்குகள் அல்ல என்பதை உணர்ந்து உதவியவர்களிலும் ஸ்பிரிங் ஒருவர். அந்த இளைஞன் ஸ்ரீநிவாஸ ராமானுஜன்.

அப்படிப்பட்ட ஸ்பிரிங் 1911-ல் ஒரு காரியம் செய்தார். தாம் அமைதியாக்கிய துறைமுகத் தண்ணீரிலேயே பாய்ப் படகு விடுவதற்கு ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று இன்றும் துறைமுகத்துக்குள் இருப்பது அதுதான். ஆரம்பித்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு! 1919-ல் எழுபதாவது வயதில்தான் பதவியிலிருந்து விலகினார். படகு விடுவதற்கு ஓய்வு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அதைவிட முக்கியமான சங்கதி, படகுக்கு முந்தி அவர் தண்ணீரைத் தயார் செய்துகொண்டார் என்பது. அலையடங்கின தண்ணீரும், படகை இறக்கி ஏற்ற ஒரு துறையும் இருந்தால், அறுபத்திரண்டு வயதுக்காரர் கைக்கும் படகு அடங்கும்.

இப்போது மோட்டாருக்கு வருவோம். ஸ்பிரிங் துரை பாய் கட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஓலே எவின்ரூட் என்ற நார்வே நாட்டுக்காரர், படகின் பின்புறத்தில் மாட்டிவிடக் கூடிய இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். ஏரிக்கு அக்கரையில் இருந்த காதலி ஐஸ்கிரீம் கேட்டாளாம். வெயிலில் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிப் போயிற்றாம். அந்த ஆத்திரத்தில் பிறந்தது அவுட்போர்டு மோட்டார் என்பது கதை. அவருக்கு முன்னும் இப்படிச் செய்தவர்கள் உண்டு; ஆனால் உலகமெங்கும் பரவச் செய்தது அவருடையதுதான். 1909-ல் விற்பனைக்கு வந்த அந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தி. எடை 62 பவுண்டு. விலை 62 டாலர். 62 பவுண்டு என்றால் ஏறக்குறைய 28 கிலோ. ஒரு மனிதன் கழற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். கட்டுமரத்தின் தத்துவந்தான் இது: அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போக முடியவேண்டும். இன்று அதே எடைக்கு எட்டுக் குதிரைச் சக்தி கிடைக்கிறது.

ஆனால் நம் கரைக்கு மோட்டார் வந்தது உல்லாசத்துக்காக அல்ல. வயிற்றுப் பாட்டுக்காக வந்தது. 1952-ல் நார்வே தேசமும் ஐக்கிய நாடுகள் சபையும் நமது அரசாங்கமும் ஒப்பந்தம் செய்துகொண்டு, கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன்பிடி படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் திட்டத்தை ஆரம்பித்தன. சோழமண்டலக் கரையில் சிக்கல் அதிகம். கேரளத்தில் போல ஒதுங்க ஆற்று வாய்கள் இல்லை. அலையைத் தாண்டிப் போய், அலையைத் தாண்டி வந்து, மணலில் ஏற வேண்டும். இயந்திரம் வைத்த படகு கனமானது. அடியில் சுழலும் விசிறி மணலில் இடித்தால் முறியும். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனம் அனுப்பிய படகு நிபுணர்கள் 1950-களில் சென்னைக்கு வந்து இந்தப் பிரச்னையோடு மல்லாடினார்கள். அவர்களில் பீட்டர் குர்ட்னர் என்பவர் இந்தியாவின் அலைக் கரைகளுக்கு ஏற்ற படகைப் பற்றி எழுதிய கட்டுரை 1960-ல் வெளியாயிற்று. உலகத்திலேயே கடினமான பரீட்சைத் தாள் ஒன்றைக் காசிமேட்டு மணல் அவர்களுக்குக் கொடுத்தது என்று சொல்லலாம்.

பரீட்சையில் தேறுவதற்குள் காலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. கரையில் ஏறும் படகைக் கண்டுபிடிப்பதைவிட, கரையில் ஏறவே தேவையில்லாத படகைக் கட்டுவது சுலபமாக இருந்தது. துறைமுகத்துக்குள் நங்கூரமிட்டு நிற்கும் விசைப் படகுகள் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது; இழுவலை வந்தது; படகு நீண்டுகொண்டே போயிற்று. எண்ணூரில் அசோக் லேலண்டு தொழிற்சாலையில் லாரிக்குச் செய்த டீசல் இயந்திரங்களின் சகோதரர்கள், விசைப் படகுகளின் வயிற்றுக்குள் உறும ஆரம்பித்தன. கட்டுமரக்காரர்களின் வலைகளை விசைப் படகுகள் அறுத்துக்கொண்டு போயின. 1970-களின் பிற்பகுதியில் சென்னைக் கடலிலும் கரையிலும் பெரிய சண்டைகள் நடந்தன. 1983-ல் தமிழ்நாட்டுச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையில் சிறு படகுக்காரர்களுக்கு என்று ஒதுக்கி வைத்தது. கைக்கு அடங்கிய படகுக்கு உலகத்தில் ஓர் இடம் வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

பழைய பரீட்சைத் தாளுக்கும் பிறகு விடை கிடைத்தது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வேலை தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் நிபுணர்கள், மணலில் ஏறும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படியான லேசான படகுகளை வகுத்தார்கள். அப்புறம் கண்ணாடி இழைப் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி கரையிலிருந்த கட்டுமரங்களை வாரிக்கொண்டு போனதும், உதவிக்கு வந்த ஸ்தாபனங்கள் கொடுத்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தாம். அதற்குள் லேசான கட்டை கிடைப்பதும் அரிதாகி வந்தது. இன்று திருவொற்றியூர்க் குப்பங்களில் கட்டை மரத்தைப் பார்ப்பது அபூர்வம்.

ஓய்வுக்குப் படகு தேடும் நண்பர்களுக்கு இங்கே ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சாதாரணப் படகுக்கு, நீளம் ஒரு வேக வரம்பை வைத்திருக்கிறது. தண்ணீரில் படியும் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்க மூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், அது மணிக்குச் சுகமாகப் போகக் கூடிய கடல் மைல். பதினாறு அடிப் படகுக்குச் சுமார் 5.4; இருபத்தைந்து அடிப் படகுக்கு 6.7. ஒன்பது அடி அதிகம் வாங்கினால் மிஞ்சுவது ஒரு மைலும் சில்லறையும். அதற்கு மேல் இயந்திரத்தைப் பெரிதாக்கினால் படகு தானே எழுப்பிய அலையில் ஏற முயன்று முனகும், எண்ணெய் செலவாகும், வேகம் வராது. நீர் மேல் தாவிச் செல்லும் படகுகள் இந்த வரம்பை மீறும். ஆனால் சிற்றலையிலும் அவை கொடுக்கும் குலுக்கலை அறுபது வயது முதுகு மன்னிக்காது. ஆகவே பதினாறு, பதினெட்டு அடி. ஒருவர் தூக்கக் கூடிய எட்டுக் குதிரைச் சக்தி. பழுதானால் கரை சேரத் துடுப்பு இரண்டு. இவ்வளவு போதும்.

இந்தக் கணக்கைத் திருவொற்றியூரில், கடலை விட்டு ஒதுங்கிவிட்ட பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"எல்லாம் சரி சார். ஏத்துறது எங்க?" என்றார்.

நான் கடற்கரைப் பக்கம் பார்த்தேன். கருங்கற்கள் குவித்த சுவர்தான் தெரிந்தது.

"நான் சின்னப் பையனா இருக்கச்சொல்ல, இந்தக் கல்லுக்கு அப்பால மணலு கிடந்தது. மரத்தை அவுத்து அங்கதான் காய வைப்போம். இப்போ போட்டு லேசுதான், மிஷினும் லேசுதான். கல்லு மேல யாரு சார் ஏத்துறது? வயசானவனால ஆவுற வேலையா?"

மணலின் பிரயாணத்தைச் சொன்னேன் அல்லவா? அதன் மறுபாதி இதுதான். துறைமுகச் சுவர் மணலைத் தெற்கே நிறுத்திக்கொண்டதால், நகரத்துக்கு அகன்ற மெரினா கிடைத்தது. அந்த மணல் வடக்கே வந்து சேர வேண்டியது, வரவில்லை. கடல் எடுத்துக்கொண்டு போகிற மணலுக்கு ஈடு இல்லாமற் போகவே, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை தேய்ந்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின. தடுக்கக் கல் கொட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். தூண்டில் வளைவுகளுக்கு இடையே சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மற்ற இடங்களில் படகை இழுத்து வைக்கத் துறை இல்லை. நாம் மெரினாவில் சுண்டல் தின்ன உட்காரும் மணலில் ஒரு பங்கு, திருவொற்றியூர்க்காரருக்கு வந்து சேர வேண்டியது.

"அலையில போவ முடியாம ஆச்சுன்னா, கயிக்குப் போய்டுவோம் சார்" என்றும் அந்தப் பெரியவர் சொன்னார். கயி என்பது கழி; எண்ணூர்க் கழிமுகம். கடலோடு போராடிக் களைத்த கைகளுக்கு அதுதான் பென்ஷன். அலையில்லாத தண்ணீர், இடுப்பளவு ஆழம், சின்ன ஓடம், கையாலேயே தடவிப் பிடிக்கும் இறால். துரைமார்கள் உல்லாசத்துக்குத் தேடிப் போன அதே தண்ணீர், காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் வயதானவர்களுக்குச் சோறு போட்டது.

அந்தத் தண்ணீர் என்ன ஆயிற்று? அனல் மின் நிலையங்களின் சாம்பல் குழாய் உடைந்து கசிந்து, கழியின் அடியில் படிந்து, ஆழம் குறைந்தது. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. கரையில் ஒதுங்கிய கறுப்புக் குழம்பை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் புறப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. நூற்றுக் கணக்கான படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின. கோக்ரேன் வெட்டிய வழி அதற்கும் வழியாயிற்று.

ஆகவே ஓய்வுக்குப் படகு வாங்க விரும்பும் நண்பர்கள், கடைக்குப் போகுமுன் ஒரு நாள் காலையில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் வரவேண்டும் என்பது என் யோசனை. வற்று நேரத்தில் நின்று, ஆழம் எவ்வளவு, துறை எங்கே, தண்ணீரின் நிறம் என்ன என்று பாருங்கள். அங்கே வலை உதறிக்கொண்டிருக்கும் கிழவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். "படகு வாங்கப் போகிறேன், பெரியவரே, எங்கே விடலாம்?" என்று கேளுங்கள். பழவேற்காடு ஏரிப் பக்கம் போகச் சொல்வார். அல்லது தெற்கே முட்டுக்காட்டைக் காட்டுவார். நீங்கள் போய்விடலாம், உங்களுக்குக் காரும் பென்ஷனும் இருக்கின்றன. அவர் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

ஸ்பிரிங் துரை படகுக்கு முந்தித் தண்ணீரைத் தயார் செய்தார் என்றேன். எஞ்சினீயர்களுக்கும் அரசாங்கத்துக்கும் அது முடியாத காரியம் அல்ல என்பதற்கு அவரே சாட்சி. கழியின் சாம்பலை அள்ளி ஆழத்தை மீட்பதும், எண்ணெய் மறுபடியும் வராமல் மடை கட்டுவதும், தூண்டில் வளைவுகளுக்கு நடுவே கிழவர் ஒருவர் ஓடத்தை இழுத்து வைக்கக் கொஞ்சம் மணற்கரை விட்டு வைப்பதும், புயலில் சிதறிய துறைமுகத்தை மறுபடியும் கட்டின வேலையைவிடக் கஷ்டமானதா? பென்ஷன் வாங்கிய எஞ்சினீயர்கள் சென்னையில் எத்தனையோ பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். படகு வாங்க நினைப்பவர்களில் பாதிப் பேர் அவர்களாகத்தான் இருக்கிறார்கள். மனு எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்தவர்கள். படகு வாங்குவதற்கு முந்தி ஓர் ஆண்டை எண்ணூருக்காகச் செலவழித்தால், அவர்களுடைய படகுக்கும் துறை கிடைக்கும். அந்தப் பெரியவருடைய ஓடத்துக்கும் கிடைக்கும்.